சிவப்பு நூல் ஓடும் வலைத்துண்டு

என் படகின் டிரைவர் கூண்டில், ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பச்சை வலைத்துண்டு இருக்கிறது. வலைக்கண்கள் சதுரமாக நிற்கும்படி ஆணியில் இழுத்துக் கட்டியது. அதன் ஊடே ஒரு சிவப்பு நைலான் நூல் கோணலாக ஓடுகிறது. நூலுக்கு ஒரு கண் முன்னால் ஒரு முடிச்சு மட்டும் கறுத்திருக்கிறது. மச்சானின் கட்டைவிரல் பட்ட இடம்.

மச்சான் என் அக்காவின் கணவர். ஜெகதாப்பட்டினத்தில் இந்தப் படகை அவர்தான் ஓட்டினார். நான் அவரிடம் வலைக்காரன். அவரும் அதிகம் பேச மாட்டார், நானும் அப்படித்தான். அதனால் ஒத்துப்போனது. இரண்டு வீட்டுச் சோறும் இந்த ஒரு படகில்தான். இலங்கைக் கடல் எல்லையைத் தாண்டிப் பிடிபட்டால் படகு போய்விடும். ஆள் எப்போது திரும்புவான் என்று தெரியாது.

அப்போது எங்களிடம் இருந்த ஜிபிஎஸ் பெட்டி படம் காட்டாது. இரண்டு எண் மட்டும் காட்டும். அட்சரேகை, தீர்க்கரேகை என்று படித்தவர்கள் சொல்வதை நாங்கள் ஒன்பது, எழுபத்தொன்பது என்போம். ஒன்பதில் தொடங்குவது அட்சரேகை. வடக்கே போனால் கூடும், தெற்கே போனால் குறையும். எழுபத்தொன்பது தீர்க்கரேகை. கிழக்கே போகப் போகக் கூடும். இலங்கை கிழக்கே இருக்கிறது. அதனால் எல்லோர் கண்ணும் எழுபத்தொன்பதில்தான். அது கூடாதவரை பயமில்லை என்று நினைத்தோம். ஆனால் எல்லைக்கோடு நெட்டுக்குத்தாக ஓடவில்லை. சாய்ந்து ஓடுகிறது. நாங்கள் தொழில் செய்கிற இடத்தில், தெற்கே இறங்க இறங்க அது நம் பக்கமாக வருகிறது. இதைத்தான் மச்சான் வலையில் காட்டினார். படுத்த வரிசைகள் ஒன்பதுக்கு. நின்ற வரிசைகள் எழுபத்தொன்பதுக்கு. எல்லை போகும் வழியில் சிவப்பு நூலைக் கோத்தார். பெட்டியின் இரண்டு எண்ணும் சேரும் முடிச்சில் விரலை வைத்தால், படகு நிற்கும் இடம் அதுதான்.

எங்களோடு வந்த மூத்த வலைக்காரரைச் சித்தப்பா என்போம். "ஒலகமே பொட்டியப் பாத்து ஓட்டுது. ஒங்க மச்சான் ஓட்ட வலையப் பாத்து ஓட்டுறாருடா" என்று சிரித்தார்.

"மீனு மாட்டத்தான் வலை. நாம மாட்டக் கூடாதுல்ல, சித்தப்பா" என்றார் மச்சான்.

ஒரு நாள் நல்ல வெயில். தெற்கே பார்த்து வலை இழுத்துக்கொண்டிருந்தோம். இறால் நன்றாக விழுந்தது. எழுபத்தொன்பதுக்கு அடுத்து வரும் எண் இருபத்தெட்டிலேயே நின்றது. எங்களுக்கு முன்னால் இன்னொரு படகும் அதே போக்கில் போய்க்கொண்டிருந்தது. மச்சான் பெட்டியைப் பார்த்தார். வலைத்துண்டில் விரலை வைத்தார். என்ஜினைக் குறைத்தார்.

"வலைய வாங்குங்கடா."

"எழுபத்தொம்பது அசையவே இல்லையே மச்சான். இன்னுங் கொஞ்சம் இழுப்போம்" என்றேன்.

"அது அசையல. ஒம்பது எறங்கிருச்சு பாரு மாப்ள."

விரலுக்கும் சிவப்பு நூலுக்கும் நடுவே ஒரே ஒரு கண். முன்னால் போன படகு அந்தக் கண்ணுக்குள் இருந்தது. வயர்லெஸில் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. வலையை ஏற்றியதும் மச்சான் திரும்பவில்லை. அந்தப் படகை நோக்கி நேரே ஓட்டினார்.

சித்தப்பா கத்தினார். "நாமதான் தப்பிச்சோம்ல. அங்கிட்டு எதுக்குய்யா போற?"

"அதுலயும் அஞ்சு பேரு இருக்கான்."

அந்தப் படகின் முன்முனையான அணியத்துக்கு முன்னால் எங்கள் படகைக் குறுக்கே விட்டார். நான் தோளில் கிடந்த துண்டை வீசிக் காட்டினேன். அந்த டிரைவர் வெளியே வந்து ஏசினார். "எங்க பாட்டுல, எங்க பொழப்புல மண்ணப் போடவா வந்தீங்க?"

"ஒம்பதப் பாருய்யா!" என்றார் மச்சான்.

அந்த டிரைவர் உள்ளே போய்த் தன் பெட்டியைப் பார்த்தார். பிறகு வலையை ஏற்றும் அவர்களுடைய வின்ச் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு படகும் வடமேற்கே திரும்பியபோது, தென்கிழக்கில் சாம்பல் நிறத்தில் ஓர் இலங்கை ரோந்துக் கப்பல் தெரிந்தது.

மறுநாள் அந்த டிரைவர் வலைத்துண்டும் சிவப்பு நூலுமாக அக்கா வீட்டு வாசலில் நின்றார். "எனக்கும் ஒன்னு கோத்துக் குடுங்க." பிறகு பலர் வந்தார்கள். உட்கார்ந்து நூல் வெட்டிக் கொடுத்தது சித்தப்பாதான்.

இப்போது மச்சானுக்கு முட்டி போய்விட்டது. கடலுக்கு வருவதில்லை. நான் ஓட்டுகிறேன். செல்போனிலேயே எல்லைக்கோடு தெரிகிறது. நெருங்கினால் கத்தும். கரைக்கு வந்தால் எல்லோரும் என்ன பாடு, எவ்வளவு மீன் என்று கேட்பார்கள். மச்சான் ஐஸ் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "ஒம்பது எங்க நின்னுச்சு மாப்ள?" என்பார். சொல்வேன். தலையாட்டுவார்.

இந்தப் படகு ஒரு தடவைகூட அந்த நூலைத் தாண்டியதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. போன் கத்தி நான் திரும்பியதும் இல்லை. அது கத்துவதற்கு முன்பே என் கட்டைவிரல் அந்தக் கறுத்த முடிச்சில் இருக்கும்.