நாடளாவிய போட்டியில் நான் பிடுங்கிய பிளக்

மற்ற ஆக்கள் விளையாடுறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்குச் சம்பளம் எண்டால் சுகமான வேலை எண்டு நினையாதேங்கோ. அதுக்குள்ளயும் முதுகு முறியும்.

எண்பத்தெட்டில, மேற்கு பேர்லினில ஒரு பெரிய கடையின்ர விளையாட்டுச் சாமான் பகுதியில நிண்டன். அஞ்சு வருசம் அகதியளைத் தங்கவைக்கிற ஹைமில கையைக் கட்டிக்கொண்டு இருந்தாப்பிறகு கிடைச்ச வேலை அனுமதி. அதில அந்தக் கடையின்ர பேர்தான் எழுதியிருந்தது. கடை போ எண்டால் அனுமதியும் போச்சு. அந்தப் பயம் உங்களில கனபேருக்குத் தெரியும்.

துடைக்கிற வேலை

அந்த வருசம் மேற்கு ஜெர்மனி முழுக்க வீடியோ விளையாட்டுப் போட்டி. ஒவ்வொரு ஊரிலயும் ஆகக்கூடப் புள்ளி எடுக்கிற ஒராள் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். பேர்லின் சுற்று எங்கட கடையில. ஒராள் விளையாடி முடிய, திரையில நிக்கிற புள்ளியைக் கொப்பியில எழுதி, வியர்வை ஊறின கைப்பிடியைத் துடைச்சு, அடுத்த ஆளிட்டைக் குடுக்கிறது என்ர வேலை. அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டியை நிப்பாட்டினால் புள்ளியும் அழிஞ்சிடும். பொறுப்பாளர் திருமதி லென்ஸ் முதல் நாளே சொன்னா: “எதை மறந்தாலும் பரவாயில்லை, எழுதாமல் மட்டும் நிப்பாட்டாதேயும்.”

சீருடையில வந்தவர்

சின்னப் பிள்ளையள்தான் வருங்கள் எண்டு நினைச்சன். வந்து கலக்கினவர் நாப்பது வயசு பஸ் சாரதி, க்ரூகர் எண்டவர். மத்தியான இடைவேளையில சீருடையோடயே வந்து விளையாடிப் பழகுவார். ஏன் இந்தப் பாடு எண்டு ஒருநாள் கேட்டன். “பதினைஞ்சு வருசமா ஒரே பாதையில பஸ் ஓடுறன். இதில மட்டும்தான் நினைச்ச பக்கம் திருப்பலாம்.”

இடி

கடைசி நாள் க்ரூகர் விளையாடுறார். மற்றவையைவிட இரண்டு மடங்கு புள்ளி. சுத்திவர ஆக்கள். வெளியில வானம் கறுத்து, டமார் எண்டு ஒரு இடி. யாழ்ப்பாணத்தில இடி இடிச்சால் என்ன செய்வம்? ரீவி பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை. என்ர கை என்னைக் கேக்காமலே ஓடிட்டுது. திரை கறுத்தாப்பிறகுதான் கையில பிளக் இருக்கிறது தெரிஞ்சுது.

ஐயோ! அவற்ற புள்ளியும் போச்சு, என்ர அனுமதியும் போச்சு எண்டு நினைச்சன். “ஆர் கழட்டினது?” எண்டு கேட்டுக்கொண்டு லென்ஸ் வந்தா. பிளக்கைத் தூக்கிக் காட்டினன். க்ரூகர் என்னைப் பாத்தார், யன்னலைப் பாத்தார். பிறகு லென்ஸிட்டைச் சொன்னார்: “அவரில பிழை இல்லை. இடி இடிச்சால் எங்கட அம்மாவும் ஓடிப்போய் ரீவியைத்தான் பிடுங்குவா. நான் இன்னொருக்கா விளையாடுறன்.”

இரண்டாம் தரம்

லென்ஸ் ஓம் எண்டா; மழை விட்டாப்பிறகு விளையாடினார். முந்தினதைவிடக் குறைவு. கொப்பியைப் புரட்டினன். அப்பாடா, அடுத்த ஆளைவிட நாப்பது புள்ளி கூட. லென்ஸ் கொப்பியில கையெழுத்துப் போட்டிட்டு, நாளைக்கு ஒம்பது மணிக்கு வாரும் எண்டா. வேலை தப்பிட்டுது, எனக்கு அது காணும். க்ரூகர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, போற போக்கில சொன்னார்: “இறுதிச் சுற்றைப் பாக்க நீர் மட்டும் வந்திடாதேயும்.”

ஜெர்மனிக்கு வந்து எனக்குக் கிடைச்ச முதல் நிம்மதி, ஆரோ ஒரு பஸ் சாரதியின்ர அம்மாவுக்கு இடியில இருந்த பயத்தாலதான் வந்தது.