யெவ்தோகாவின் கட்டில்

உருளைக்கிழங்கு உரிப்பதானாலும் யெவ்தோகா தன் கட்டிலில் உட்கார்ந்துதான் உரிப்பாள். அடுப்பு வீட்டின் மறுபாதியில், தம்பி பனாஸின் பக்கம். பீட்ரூட் சூப் கொதித்தால் எழுந்து போய்க் கிளறிவிட்டு, உடனே தன் குளிர்ந்த பாதிக்குத் திரும்பிவிடுவாள்.

கனடா சர்க்கார் எங்களைக் கப்பலேற்றி அழைத்து, புல்வெளியை இலவசமாகக் கொடுத்தது சும்மா இல்லை. மூன்று வருஷம் உழ வேண்டும்; வருஷத்தில் பாதியாவது அவரவர் நிலத்திலேயே படுத்துறங்க வேண்டும். அப்போதுதான் நிலம் சொந்தமாகும். கைக்குழந்தையோடு வந்த விதவை என்பதால் இவளுக்கும் தனி நிலம் கிடைத்தது. தம்பி நிலம் அடுத்தது. மரமோ இரண்டு வீட்டுக்குப் போதவில்லை. இங்கே பலரும் செய்வதைப் போல, எல்லையின் மேலேயே ஒரே வீட்டைக் கட்டி, மண்தரையில் கூழாங்கல்லால் கோடு பதித்தார்கள். கிழக்கே அக்காள், மேற்கே தம்பி.

"அடுப்புக்கிட்ட வந்து படேன் அக்கா. சர்க்கார் துரை என்ன, ஜன்னல் வழியா எட்டியா பாக்கறாரு?" என்பான் பனாஸ்.

"சும்மா கிடடா. நிலம் போச்சுன்னா புள்ளைக்கு நீயா குடுப்ப?"

அடுப்பை நடுவில் வைத்திருக்கலாமே என்று, பக்கத்து நிலத்துக்காரனான நான் ஒருநாள் அவளிடம் கேட்டுவிட்டேன். "குளிரு இப்படின்னு யாருக்குத் தெரியும்? சர்க்கார் ஒட்டுன படத்துல கோதுமைதான் இருந்துச்சு. பனியைப் போடவே இல்லையே, படுபாவிங்க!"

மூன்று வருஷக் கெடு முடிந்து, போன வாரம் நிலத்தைச் சோதிக்கும் துரை வந்தார். ரயில்பாதை வேலையில் நான் பொறுக்கிய இங்கிலீஷ்தான் மொழிபெயர்ப்பு. அவள் நிலத்தின் கிழக்கு எல்லைக்கல்லிலிருந்து அளவுச் சங்கிலி பிடித்தார். சங்கிலி கூழாங்கற்களை எட்டுமுன்பே, அவள் கட்டிலின் நட்ட நடுவில் நின்றுவிட்டது; பாதிக் கட்டில் பனாஸின் நிலத்தில். அன்றைக்கு அதே கல்லிலிருந்து காலடியால் அளந்தவன் பனாஸ், அவன்தான் நெட்டைக்காலனாயிற்றே!

யெவ்தோகாவின் முகம் வெளுத்துவிட்டது. "மூணு குளிர்காலம்... அத்தனையும் வீணா?"

துரை கட்டிலையே பார்த்தார். தலையை எந்தப் பக்கம் வைப்பாள் என்று கேட்டார்.

"கிழக்கதான் ஐயா. சத்தியமா கிழக்க!"

"தலை எங்கேயோ அங்கேதான் தூக்கம். நிலம் அந்தம்மாவோடது" என்றார். அதை அவர்கள் இருவருக்கும் எங்கள் மொழியில் சொல்வதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது.

துரையின் வண்டி மறைந்ததும் யெவ்தோகா கட்டிலைத் தரதரவென்று இழுத்துப்போய் அடுப்பை ஒட்டிப் போட்டாள்.

"அக்கா, இது என் நிலம்" என்றான் பனாஸ்.

"வாயை மூடிட்டு விறகைப் போடு."

பட்டப்பகலில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்து, இரண்டு கால்களையும் அடுப்பை நோக்கி நீட்டினாள்.