எலக்ட்ரான் இருக்குமிடம்

நான் திருப்பதியில் பி.எஸ்ஸி. படித்த வருஷம், அண்ணன் எங்கள் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனான். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். தமிழ் பேசுகிறவர்களின் பட்டியல் எழுத ஊர்க்காரர்கள் வீடுவீடாக வந்தார்கள். ஒரு தலை குறைந்தாலும் ஊர் கைவிட்டுப் போய்விடும் என்று பயம். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லி நைனா கைநாட்டு வைத்தார்.

ஒரு மாதம் ஆகியும் அவன் வரவில்லை. போலீஸில், கிராம முனிசீப்பிடம் சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள். பட்டியலில் வீட்டில் இருக்கிறவனைக் காணோம் என்று எப்படி எழுதுவது என்று முனிசீப் கையை விரித்துவிட்டார். எங்கள் வாயாலேயே கெட்டோம்.

அண்ணனுக்கு ரயில் என்றால் உயிர். அதனால் நைனா தினமும் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போய்த் தேடினார்.

அப்போதுதான் வகுப்பில் அணுவைப் பற்றிப் பாடம் நடந்தது. எலக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றுகிறது என்பது பழைய படமாம். இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லவே முடியாதாம். எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்லலாமாம். கரும்பலகையில் வாத்தியார் மேகம் மாதிரி புள்ளிகள் வைத்தார். நடுவில் அணுக்கருவை ஒட்டி நெருக்கமாக, தள்ளிப் போகப் போக அங்கொன்றும் இங்கொன்றுமாக.

பாதிக் கிணறு தாண்டிய அந்தப் படிப்பை ஊருக்கு வந்து நைனாவிடம் அவிழ்த்துவிட்டேன். திமிர், வேறென்ன.

"எங்க கீறான்னு தெரியாதுன்னு சொல்றதுக்கா காலேஜு?" என்றார்.

"எங்க இருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு சொல்லும் நைனா. நடுவாண்டதான் ஜாஸ்தி. நமக்கு வீட்டாண்ட."

மறுநாளிலிருந்து அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாயிருக்கும் என்று வாசலிலேயே காத்திருந்தார்.

பத்து நாள் கழித்து நகரி நெசவுக்காரர் ஒருவர் வந்தார். போன வாரம் ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் அண்ணனை மூன்று நாள் பார்த்தாராம். நம் பக்கத்து வண்டி வரும்போதெல்லாம் எழுந்து நின்று, இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். நாலாம் நாள் ஆளைக் காணோமாம்.

ஊர் ஆந்திராவிலேயே நின்றுபோனது. அண்ணன் வரவேயில்லை. நைனாவும் போய்ச் சேர்ந்தார். நான் வாத்தியாராகி, வருஷம் தவறாமல் அந்தப் புள்ளிகளை வைத்தேன். எவ்வளவு தூரம் தள்ளிப் போனாலும் வாய்ப்பு முழுப் பூஜ்யம் ஆவதில்லை என்று ஒரு வரி அந்தப் பாடத்தில் உண்டு. நைனாவிடம் அதை நான் சொல்லவில்லை.