சிங்கத்துக்குக் கொடுத்த அகத்திக்கீரை

1936ஆம் ஆண்டு தை அமாவாசை. சீனர்களின் வருடப்பிறப்பும் அதே நாளில் வந்திருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கண்டிச் சந்தைக்குப் பின்னால், எங்கள் சந்தில் துணி மூட்டை சுமந்து விற்கும் மூன்று சீனர்களும் குடியிருந்தார்கள். வருடப்பிறப்பன்று மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த சிங்கத்தை வீடு வீடாக ஆட்டி வருவார்கள். வாசலில் தொங்கும் கீரையைச் சிங்கம் கவ்வி மென்று துப்பினால் அந்த வீட்டுக்கு நல்ல காலமாம்.

ஒருவர் தலைக்கு, ஒருவர் மேளத்துக்கு, ஒருவர் தாளத்துக்கு. சிங்கத்தின் பின்னங்கால்களுக்கு ஆளில்லை. அந்த இடம் என் அப்பாவுடையது. ரயில் நிலையத்தில் சரக்கு ஏற்றுபவர். "மூட்டைக்கு வளையிற முதுகு சிங்கத்துக்கு வளையாதா?" என்று ஆண்டுதோறும் துணிக்குள் புகுந்துகொள்வார். முந்தைய ஐப்பசியில் மலேரியாக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் அம்மா வாசலுக்கே வருவதில்லை. அன்று அப்பாவை நினைத்துப் பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரை வாங்கி வைத்திருந்தார். மேளம் நெருங்கியதும் கதவைச் சாத்திவிட்டார். எங்கள் வீட்டு முன்னால் மேளம் சட்டென்று நின்றது.

ஜன்னல் வழியே பார்த்தேன். சிங்கம் தலை குனிந்து நின்றது. பின்னால் ஆளில்லாத துணி மண்ணில் கிடந்தது.

கூடவே வந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் தையல்காரர் கதவுக்குப் பின்னால் இருந்த அம்மாவிடம், "அந்த எடத்துக்கு வேற ஆள் வேணாமாம் தங்கச்சி. இந்த வருஷம் இப்பிடியே போகுமாம்" என்றார்.

அம்மா அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். உள்ளிருந்தே, "போகச் சொல்லுங்க நானா. நல்ல நாளும் அதுவுமா என் மூஞ்சில முழிச்சா அவங்களுக்கு ஆகாது" என்றார்.

தலையைப் பிடித்திருந்த சீனர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இது சிங்கம் வீடு. பாக்காம சிங்கம் போகாது."

 பிறகு தாழ்ப்பாள் விலகியது. அம்மா நேராகப் போய் அந்தத் துணியை எடுத்து மண்ணைத் தட்டினார். ஆண்டுதோறும் அதைத் துவைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"பிடிங்க நானா."

"என்னயா? இந்த வயித்த வச்சிக்கிட்டா? இடுப்பு பிடிச்சா பெருநாள் தையல யாரு தைக்கிற?"

"அவரு மட்டும் என்ன ஒல்லியாவா இருந்தாரு?"

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்துவிட்டார். ஐப்பசிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. தையல்காரர் முனகிக்கொண்டே துணிக்குள் நுழைந்தார். மேளம் மறுபடி எழுந்தது. பின்னங்கால்கள் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாகச் சிங்கம் ஆடியது. சந்தே சிரித்தது.

எங்கள் வாசலில் கீரை கட்டியிருக்கவில்லை. அம்மா உள்ளே போனார். பசுவுக்கு வைத்திருந்த அகத்திக்கீரையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் சிங்கத்தின் வாயில் வைத்தார். அது மென்று எங்கள் படியெல்லாம் பச்சையாகத் துப்பியது.

இன்றும் தை அமாவாசைக்குப் பசுவுக்கு அகத்திக்கீரை நீட்டும்போது, அம்மாவை வாசலுக்கு வரவழைத்த அந்தச் சிங்கத்தின் வாய்தான் எனக்கு முதலில் தெரிகிறது.