கொடுத்ததாக எழுதிய தண்ணீர்

வசந்தமலரின் மூன்று நாவல்களும் பஸ் ஓட்டங்களுக்கு இடையில் எழுதப்பட்டவை. காலை ஓட்டம் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். பிற்பகல் ஓட்டம் இரண்டரைக்கு. நடுவில் கிடக்கும் ஐந்து மணித்தியாலத்தை மற்றச் சாரதிகள் சாப்பாட்டறைச் சோபாவில் படுத்தோ, வீட்டுக்குப் போய் வந்தோ கழிப்பார்கள். அவள் சீருடைக்கு மேலே ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு நியூ லின் நூலகத்துக்குப் போய் மடிக்கணினியைத் திறப்பாள். நூலகத்தில் வேலை செய்யும் பெண்கள் அவள் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தார்கள்.

ஒரு நாவல் முடிந்தால் அதில் இருந்தவர்கள் எழும்பிப் போய்விடுவது வழக்கம். முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் நடந்தது. ஒரு வாரம் வீடு வெறிச்சென்று கிடக்கும், பிறகு சரியாகிவிடும். மூன்றாவதில் வந்த குமாரசாமி மட்டும் போகவில்லை. மார்ச் மாதம் இணைய இதழில் கடைசி அத்தியாயம் வந்தது. ஜூன் பிறந்துவிட்டது. மழைக்குள் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தால், ஏறுகிறவர்கள் சொல்லும் "மோர்னிங்"குகளுக்கு நடுவே அவருடைய குரலும் ஏறியது. "தங்கச்சி, தண்ணி இருக்கோ?" நேரம் என்ன என்று கேட்பதைப் போல மரியாதையாகக் கேட்கும் குரல். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவை மூடி பஸ்ஸை எடுப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு இரண்டு வேலை இருந்தது. நாவலைப் புத்தகமாகப் போடும் சென்னைப் பதிப்பாளர் சாந்தகுமாரிக்கு, கடைசித் திருத்தம் பார்த்த பிரதியை அன்றைக்கே அனுப்ப வேண்டும். அதற்கு முதல் பத்து மணிக்கு ஒரு வாசகியைச் சந்திக்க வேண்டும். முந்தின நாள்தான் செய்தி வந்திருந்தது. "நான் அன்னபாக்கியம். மவுண்ட் ரோஸ்கிலில இருக்கிறன். கோயிலில உங்கட நம்பர் தந்தவை. உங்கட கதையில வாற குமாரசாமியைப் பற்றிக் கதைக்கோணும்."

வாசகர்கள் பெரும்பாலும் பிழை சொல்லத்தான் வருவார்கள். அந்தச் சந்தியில் ஆலமரம் இல்லை, அது மருதமரம் என்பார்கள். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று வசந்தமலர் நினைத்தாள்.

அன்னபாக்கியத்துக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மழையில் நனைந்த குடையை நூலக வாசலில் வைத்துவிட்டு வந்து, எதிரே இருந்து, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"பயத்தம் பணியாரம். உங்களுக்கெண்டுதான் சுட்டனான்," என்றார்.

"ஏனக்கா கரைச்சல்பட்டனீங்கள்?"

அன்னபாக்கியம் டப்பாவை அவள் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் குமாரசாமியின்ர மூக்குக் கண்ணாடியில ஒரு பக்கக் கம்பி உடைஞ்சு, சைக்கிள் வால்வு ரியூப்பால கட்டியிருந்தது எண்டு எழுதியிருக்கிறியள். அது நீங்கள் கண்டதோ, கற்பனையோ?"

"கண்டது," என்றாள் வசந்தமலர்.

"அதைக் கட்டினது நான்."

நூலகத்தின் மறுகோடியில் ஒரு குழந்தை புத்தகத்தைக் கீழே போட்டது. வசந்தமலருக்கு அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

அவர் பெயர் நவரத்தினம் என்று அன்னபாக்கியம் சொன்னார். இரசாயனம் படிப்பித்த வாத்தியார். யுத்தத்தின் கடைசி ஏப்ரலில் மகனுக்கு வயிற்றில் காயம் பட்டது; காயக்காரரை ஏற்றும் கப்பலில் ஒருவரைத்தான் கூடப் போக விட்டார்கள். "நீ போ, நான் பின்னால வாறன்," என்று மனைவியை அனுப்பினார். அவர் வரவே இல்லை. அன்னபாக்கியம் பொட்டை அழிக்காமல், பல வருடம் ஒவ்வொரு அலுவலகமாகப் படம் கொடுத்து, படிவம் நிரப்பி, கடைசியில் மகனோடு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பதினாறு வருடமாக அந்த மனிதருக்கு வசந்தமலரிடம் பெயர் இருந்ததில்லை. முள்ளிவாய்க்கால் றோட்டுக் கரையில், காயப்பட்ட தொடையில், உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கவிழ்ந்த வண்டிலில் சாய்ந்திருந்த ஒருவர். அவ்வளவுதான். நாவலுக்காகத்தான் அவள் அவருக்குக் குமாரசாமி என்று பெயர் வைத்தாள்.

"நான் ஒண்டும் குறை சொல்ல வரேல்லை, தங்கச்சி. நன்றி சொல்லத்தான் வந்தனான். அவர் தண்ணி கேக்க நீங்கள் குடுத்தனீங்கள் எண்டு வாசிச்ச அண்டைக்குத்தான் நான் விடியுமட்டும் நித்திரை கொண்டனான். இத்தனை வருசமும் எனக்கு அதுதான் யோசினை. அவருக்கு வெக்கை தாங்காது. வகுப்பு எடுக்கேக்கையும் மேசையில ஒரு செம்பு தண்ணி வேணும்."

வசந்தமலர் தலையை ஆட்டினாள். ஓம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு விட்டிருந்தால் அந்த மனுசி நிம்மதியாக மவுண்ட் ரோஸ்கிலுக்கு பஸ் ஏறியிருப்பார். விடத்தான் அவளும் நினைத்தாள். பொய்யை இதழில் போட்டாயிற்று, வாயால் ஒரு தரம் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது?

அப்போது அன்னபாக்கியம் முன்னுக்குச் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "எவ்வளவு குடிச்சவர்?"

கதை கட்டுவது வசந்தமலரின் தொழில். அரை மிடறு என்று சொல்லலாம், போத்தலைக் காலி செய்தார் என்று சொல்லலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த மனுசி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாகும்வரை வைத்திருப்பார். இரண்டையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நான் குடுக்கேல்லை அக்கா," என்றாள்.

முன்னுக்குச் சாய்ந்திருந்த அன்னபாக்கியம் நிமிர்ந்தார்.

"அரைப் போத்தல் தண்ணி இருந்தது. கையில மூண்டு வயசுப் பிள்ளை. அவள் காலமையிலயிருந்து அழுது, பிறகு அழாமலும் விட்டிட்டாள். அவர் கேட்டது எனக்கு நல்லாக் கேட்டது. நான் அவற்ர முகத்தைப் பாத்தனான். பாத்திட்டு நடந்தனான். கதையிலதான் குடுத்தது. அவர் செத்ததையும் நான் காணேல்லை. அதுவும் நான் எழுதினதுதான்."

வெளியே ஒரு ரயில் வந்து நின்று போனது.

"பிள்ளை இப்ப எங்க?" என்று அன்னபாக்கியம் கேட்டார்.

"யூனிவேர்சிற்றியில படிக்கிறாள். பிரணவி."

"சுகமா இருக்கிறாளோ?"

"ஓம்."

அன்னபாக்கியம் அதற்கு மேல் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவர் கேக்கேக்க குரல் தெளிவா இருந்ததோ?"

"தெளிவா இருந்தது அக்கா. தங்கச்சி எண்டு கூப்பிட்டவர்."

"அப்ப அந்த நேரம் நல்ல நினைவோடதான் இருந்திருக்கிறார்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்தது நிம்மதியா, புதுசாக ஒரு வேதனையா என்று வசந்தமலரால் பிரிக்க முடியவில்லை. சனவரியில் அந்த மரணத்தை எழுதியபோது, ஒரு மனிதனுக்கு முடிவு கொடுத்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். இப்போது அதை அவர் மனைவியின் கையிலிருந்து தானே திரும்பப் பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது.

அன்னபாக்கியம் எழுந்தார். மேசையிலிருந்த டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார். வசந்தமலர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மனுசி செய்தது சரி என்றுதான் அவளுக்குப் பட்டது.

"புத்தகமா வரப்போகுதெண்டு சொன்னவை. அதில என்ன எண்டு வரும்?"

"தெரியேல்லை."

"குடுக்கேல்லை எண்டே எழுதுங்கோ. அவர் கேட்டவர். கேட்டது பொய்யில்லைத்தானே. அது கிடக்கட்டும். மற்றது வேண்டாம்."

வாசலில் குடையை எடுத்துக்கொண்டு, விரிக்காமலே மழைக்குள் நடந்து போனார்.

பிற்பகல் ஓட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஈரச் சப்பாத்துகளோடு ஏறி, கத்தி, இறங்கினார்கள். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் குரலும் ஏறியது. காலையில் அது யாருடையதோ குரல். இப்போது அதற்கு ஒரு வகுப்பறை இருந்தது, மேசையில் ஒரு செம்பு இருந்தது, காயப்பட்ட மகனைக் கப்பலேற்றி விட்ட கைகள் இருந்தன. "தங்கச்சி, தண்ணி இருக்கோ?" இருந்தது மாஸ்டர், என்று அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்க்குள் சொன்னாள். முன்சீற்றில் இருந்த ஒரு மாணவி நிமிர்ந்து பார்த்தாள்.

ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டுவிட்டு, டிப்போவில் சீருடையோடேயே மடிக்கணினியைத் திறந்தாள். இருபத்தோராம் அத்தியாயத்தில் இரண்டரைப் பக்கத்தை அழித்தாள். போத்தல் மூடியைத் திறக்கும் பெண்ணின் கை, மண்ணில் சிந்திய துளி, குமாரசாமியின் கடைசிச் சிரிப்பு, பனையடியில் வெட்டிய குழி, எல்லாம் போயின. எழுதியதிலேயே அழகான பக்கங்கள் அவை என்று பலர் பாராட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் ஐந்து வரி எழுதினாள். அவர் கேட்கிறார். அவள் பார்க்கிறாள். பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடக்கிறாள். அனுப்பினாள்.

அரை மணித்தியாலத்தில் சாந்தகுமாரி அழைத்தார். "என்னங்க வசந்தமலர், கதையோட உயிரே அந்த இடம்தானே? இப்ப படிக்கிறவங்களுக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு இரக்கமும் வராதே?"

"வராட்டில் பரவாயில்லை," என்றாள் வசந்தமலர்.

புத்தகம் செப்டம்பரில் வந்தது. ஒரு பிரதியைத் தபாலில் மவுண்ட் ரோஸ்கிலுக்கு அனுப்பினாள். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து, அவள் டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அன்னபாக்கியம் அழைத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"நீங்கள் அவரைக் கண்டது என்ன திகதி?"

"மே பதினாலு. வியாழக்கிழமை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முதல்."

மறுமுனையில் தாளில் பேனை உரசும் சத்தம் கேட்டது.

"ஐயர் கேட்டவர்," என்றார் அன்னபாக்கியம். "திவசம் செய்யப்போறன் எண்டில்லை. எழுதி வைக்கிறன்."