அம்மா முன்பே பார்த்த இதயம்

கிருமித்தொற்று ரத்தத்தில் பரவிய நான்கு வயது அச்சரப்பாக்கத்துச் சிறுமி, செங்கல்பட்டில் எங்கள் ஐசியூவில் கிடந்தாள். சலைன் ஏற்றியும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. இன்னும் ஏற்றலாமா என்று படுக்கையருகிலேயே இதய ஸ்கேன் செய்து பார்த்தேன். இதயம் சோர்ந்து துடித்தது. சலைனை நிறுத்தி, இதயத்துக்கு வலுவூட்டும் மருந்தைத் தொடங்கினேன். இந்த மாதிரி முடிவுகளில் எனக்குத் தயக்கம் வராது.

மாலையில் மறுபடி ஸ்கேன் வைத்தேன். பெற்றோருக்குத் திரையைக் காட்டும் வழக்கம் எனக்கில்லை. அவள் அம்மாவே எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம் துடிச்சிக்கினு கீது?”

“உங்க பொண்ணோட இதயம்மா. காலையைவிட நல்லா துடிக்குது.”

“வயித்துல இருக்கசொல்ல ஸ்கேன்ல காட்டுனாங்க. அப்பவும் இப்படித்தான் துடிச்சிது,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த இதயத்தை எனக்கு முன்பே பார்த்தவர் அவர். அதன் பிறகு, எந்தக் குழந்தைக்கு ஸ்கேன் செய்தாலும் அதன் அம்மாவுக்கும் தெரிகிற மாதிரிதான் திரையை வைக்கிறேன்.