சற்று நேரத்தில்

மைக்கைப் போடுவதற்கு முன் இடது உள்ளங்கையை நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே, மேல்வயிற்றில் வைத்துக்கொள்கிறார். ஒரு மூச்சு இழுத்து விடுகிறார். உள்ளே எதுவும் முரண்டு பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வலது கை பொத்தானை அழுத்துகிறது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று குரல் பேருந்து நிலையம் முழுக்கக் கணீரென்று கேட்கிறது. அறிவிப்பு முடிந்த பின்னும் இடது கை மட்டும் இறங்குவதில்லை. தேநீர் குடிக்கும்போதும், என்னோடு வம்பளக்கும்போதும் அது அங்கேயே காவல் இருக்கும்.

எங்கள் நிலையத்தின் அறிவிப்பாளர் அம்மா இவர். பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் டிரைவர்கள் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் இவர் 'சற்றுநேரம்'. வண்டி நடுவழியில் பஞ்சராகிக் கிடந்தாலும், டிரைவர் இன்னும் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தாலும், "இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்பார். நான் பக்கத்து அறையில், பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களைக் கட்டிக் காப்பவன். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு முறை பல்செட். எங்களுக்கு நடுவே பலகைச் சுவர்தான். அவர் பேசுவது எனக்குச் சுவர் வழியாக ஒரு தடவையும் ஒலிபெருக்கி வழியாக ஒரு தடவையும் கேட்கும். இரண்டு தடவையும் நான் நம்பியதில்லை.

"மணி சொன்னா சண்டைக்கு வருவாங்கப்பா. சற்று நேரம்னா யாரு என்னன்னு கேக்க முடியும்?" என்று தன் சூட்சுமத்தை எனக்கு விளக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் அவருடைய கண்ணாடி ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கும். காத்திருப்பவர்களின் முகம் தெரிந்தால் அந்தச் சொல் வாயில் வராது போல.

போன வருடம் முதல் தடவை வலி வந்தபோது மேசைமேல் கவிழ்ந்துவிட்டார். மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை துளைத்துக்கொண்டு போகிற வலி. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், "ஒண்ணுமில்லப்பா, கேஸு. சற்று நேரத்துல சரியாயிடும்" என்கிறார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. ஆஸ்பத்திரியில், பித்தப்பையிலிருந்து நழுவிய கல் ஒன்று வழியை அடைத்து, கணையம் அழற்சி கண்டிருக்கிறது என்றார்கள். ஒரு வாரத்துக்குள் வலி அடங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். பித்தப்பையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இது திரும்ப வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அதற்கு இவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கணையம் என்றதும் உறவுக்காரர்களுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. "எங்க கொழுந்தனார் காதுகிட்ட வந்து, 'அண்ணி, எப்பலேருந்து இந்தப் பழக்கம்?'ங்கிறார். ஒரு சொட்டு தொட்டதில்லப்பா நான். குடிக்காமலே குடிகாரிப் பட்டம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை.

இரண்டாம் தடவை வந்தது லேசில் விடவில்லை. வாந்தி நிற்காமல், மூக்கில் குழாய் செருகி, வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார். சிலருக்கு இது சில நாளில் அடங்கிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், ஆரம்பத்திலேயே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. "எப்ப சார் சரியாகும்?" என்று கேட்டபோதெல்லாம் டாக்டர், "பாக்கலாம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றே சொல்லியிருக்கிறார். "அந்த டாக்டர் நம்ம டிபார்ட்மெண்ட்ல இருக்க வேண்டிய ஆளுப்பா" என்பார் இப்போது. அன்றைக்கு அது வேடிக்கையாக இல்லை. பிழைத்து வீடு திரும்புவோமா என்ற ஒன்றைத் தவிர அவர் மனதில் வேறெதுவும் இல்லை.

காய்ச்சல் ஏறிய ஒரு பகலில் வார்டே அதிர அறிவித்தாராம்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது கட்டில் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." மூன்றாவது கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த தாடிக்கார ஆண் நர்ஸ், குரலைக் கேட்டதும் அப்படியே நின்றார்.

"அக்கா, நீங்க அந்தச் சற்றுநேரமா? நைட் டூட்டி முடிச்சுட்டு உங்க பேச்ச நம்பி எத்தன நாள் கால் கடுக்க நின்னிருக்கேன் தெரியுமா!"

அவ்வளவு வலியிலும் இவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கிறது. இருந்தும் கேட்டுவிட்டார். "தம்பி, நீங்களாவது சொல்லுங்க. இது எப்ப முடியும்?"

"தெரியாதுக்கா" என்றார் அவர். "ஆனா டூட்டிக்கு வந்ததும் ஒரு தடவ, போறப்ப ஒரு தடவ உங்களப் பாத்துட்டுப் போறேன். தெரியலன்னா, தெரியலன்னு சொல்லிட்டாவது போறேன்."

சொன்னபடியே வந்தார். கட்டில் ஓரம் நின்று, "அக்கா, இன்னிக்கும் தெரியல" என்பார், போய்விடுவார். "அதக் கேக்கறதுக்குன்னே முழிச்சிருப்பேன்பா" என்பார் இவர். "ஒண்ணும் தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு மனுசன் மெனக்கெட்டு வர்றாருன்னா, நம்மள மறக்கலன்னுதானே அர்த்தம்?" ஒரு நாள் காலையில் அந்த நர்ஸ் கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தார். "அக்கா, வந்துடுச்சு" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் வழியாக இறங்கிய முதல் மடக்கு. அதன் ருசியை இவர் சொல்லக் கேட்டால் நமக்கும் தாகம் எடுக்கும்.

பிறகு பித்தப்பையையும் எடுத்தார்கள். டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். இவருக்கு எண்ணெய் கூடாது என்றதும் வீட்டுக்காரர் தானும் அதை நிறுத்திவிட்டார், தாளிப்பு இல்லாத சாப்பாட்டைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக் காட்டினார். "மனுசன் பொய் சொல்றார்னு தெரியும். ஆனா அந்தப் பொய்ல தெம்பு வந்துச்சு" என்பார். கலியாண வீட்டில் பந்தி முடிந்த மாதிரி உடம்பு ஓய்ந்து கிடந்தது. வேலைக்குத் திரும்பிய புதிதில் அரை நாள்தான் உட்கார முடிந்தது. யாரும் தேடி வராத தலையணை ஒன்று என் அலமாரியில் இருந்தது, அதை முதுகுக்குக் கொடுத்தேன். இன்றும் திருப்பித் தரவில்லை.

திரும்பி வந்த முதல் நாளே திரையைக் கழற்றிவிட்டார். அறிவிப்பும் மாறிவிட்டது. "வண்டி எப்போது வரும் என்று தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன். நான் இங்கேதான் இருக்கிறேன்." இடையிடையே மறுபடியும், "இன்னும் தெரியவில்லை." நிலைய மேலாளர் பதறிப்போய் வந்தார். "என்னம்மா இது, தெரியலன்னு ஊருக்கே சொன்னா நம்ம மானம் என்னாகிறது?" இவர் பணிவாக எழுந்து நின்று, "சற்று நேரத்துல மாத்திக்கிறேன் சார்" என்றார். மாற்றவே இல்லை. வழக்கமாகச் சண்டைக்கு வருகிற பயணிகள், இப்போது கண்ணாடி வழியாக இவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய் உட்காருகிறார்கள்.

நேற்றுக் காலை நல்ல மழை. வண்டி ஒன்றுகூட வரவில்லை. கண்ணாடிக்கு நேர் எதிர் பெஞ்சில் தாடிக்கார நர்ஸ், டூட்டி முடிந்த களைப்பில் மடியில் பையோடு தூங்கிக்கொண்டிருந்தார். இவர் முதல் வேலையாக அந்தப் பெஞ்சுக்கு மேலிருக்கும் ஒலிபெருக்கியை மட்டும் அணைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் 'இன்னும் தெரியவில்லை' போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் நர்ஸ் ஏற வேண்டிய வண்டி வளைவில் திரும்பியது. வயிற்றில் கையை வைத்தபடி அறிவித்து முடித்து, வைத்தபடியே எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெஞ்சு வரை நடந்தார். அங்கே நின்று, வயிற்றிலிருந்த கையை எடுத்து அவர் தோளில் வைத்தார்.

"தம்பி, வந்துடுச்சு."